அடுக்குப் பட்டை வரைபடத்தில் தேதிகள் ஏன் தடுமாறுகின்றன?

மாதவாரிக் கணக்கை அடுக்குப் பட்டை வரைபடமாக வரைந்து தரும்படி ஒரு மென்பொருளிடம் கேட்டால், சில நொடிகளில் அது வரைந்து கொடுத்துவிடும். ஆனால் வந்து சேரும் படத்தில் ஏப்ரலை அடுத்து ஆகஸ்ட் நிற்கலாம். பட்டைகள் எல்லாம் மெல்லிய கோடுகளாகச் சுருங்கியிருக்கலாம். 2024ஆம் ஆண்டுக் கணக்கின் கீழே 1970 என்று எழுதியிருக்கலாம். ஒவ்வொரு லேபிளின் வாலிலும் 00:00:00 என்ற நள்ளிரவு நேரம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இவற்றைக் கண்டதும், புதிதாகப் பழகுபவர்கள் தேதியின் வடிவத்தை மாற்றும் அமைப்பைத் தேடிப் போவது வழக்கம். கோளாறு அங்கே இருப்பது அரிது. தேதியை எப்படி எழுதுவது என்பது கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு. ஒரு பட்டை எவ்வளவு காலத்தைக் குறிக்கிறது, தரவில் இருப்பது உண்மையில் தேதிதானா, கிடை அச்சு காலத்தை அளக்கிறதா அல்லது பெயர்களை வரிசையாக நிறுத்துகிறதா ஆகிய கேள்விகளுக்கு அதற்கு முன்பே விடை கண்டிருக்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஓர் எளிய தரவை வைத்துக்கொள்வோம். ஒரு சேவை மையத்துக்குப் புகார்கள் தொலைபேசி, மின்னஞ்சல், செயலி என்ற மூன்று வழிகளில் வருகின்றன. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு வரிசை. அதில் புகார் வந்த தேதியும் நேரமும் ஒரு நெடுவரிசையில், வந்த வழி இன்னொரு நெடுவரிசையில். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பட்டை வேண்டும். அந்தப் பட்டைக்குள் மூன்று வழிகளும் மூன்று நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அமர வேண்டும். பட்டையின் முழு உயரம் அம்மாத மொத்தத்தைக் காட்ட வேண்டும்.

பட்டை குறிக்கும் காலம்

கோட்டு வரைபடத்தில் ஒரு புள்ளி ஒரு கணத்தைக் குறிக்கலாம். காலை 9 மணி வெப்பநிலை அப்படிப்பட்டது. அடுக்குப் பட்டைக்கு அது பொருந்தாது. அதன் உயரம் ஒரு கூட்டுத்தொகை என்பதால், எங்கிருந்து எதுவரை கூட்டினோம் என்ற எல்லை அதற்குத் தேவை. "ஜனவரி 2024" என்ற பட்டை, ஜனவரி 1ஆம் தேதி நள்ளிரவில் தொடங்கி பிப்ரவரி 1ஆம் தேதி நள்ளிரவுக்கு முன் முடியும் காலத்துண்டைக் குறிக்கிறது. மென்பொருளோ பெரும்பாலும் ஒரு பட்டைக்கு ஒரே ஒரு தேதியைத்தான் கேட்கும். முழுத் துண்டுக்கும் ஒற்றைத் தேதியைப் பெயராக வைக்கிறோம் என்பதை மறக்கும்போதுதான் பாதிச் சிக்கல்கள் முளைக்கின்றன.

வரலாற்றிலும் பட்டைக்கும் காலத்துக்கும் தொடக்கத்தில் உறவு இருக்கவில்லை. வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட வரைபடத் தொகுப்பில் இங்கிலாந்து பல நாடுகளோடு செய்த வணிகத்தை ஆண்டுவாரியாகக் கோடுகளால் காட்டினார். ஸ்காட்லாந்துக்கு ஒரே ஓராண்டுக் கணக்கே கையில் இருந்ததால், காலத்தைக் காட்ட வழியின்றி, அது வணிகம் செய்த நாடுகளின் பெயர்களுக்கு எதிரே பட்டைகளை வரைந்தார். பட்டை வரைபடம் பெயர்களுக்காகப் பிறந்தது என்று சொன்னாலும் தவறில்லை. இன்றைய மென்பொருள்கள் பலவும் பட்டையைக் கண்டதும் பெயர்களின் வரிசையையே எதிர்பார்க்கின்றன.

காலத்துண்டை உருவாக்குவதற்கு இரண்டு வழிகள் உள்ளன; அவற்றைக் குழப்பிக்கொள்வதே தொடக்க நிலையில் அதிகம் காணப்படும் பிழை. முதல் வழி, தேதியிலிருந்து மாதத்தை மட்டும் பிரித்தெடுப்பது. 17 ஜனவரி 2023, 5 ஜனவரி 2024 ஆகிய இரண்டிலிருந்தும் "ஜனவரி" என்ற ஒரே விடை கிடைக்கும்; இரண்டு ஆண்டுகளின் ஜனவரியும் ஒரே பட்டைக்குள் விழுந்துவிடும். இரண்டாம் வழி, தேதியை அந்த மாதத்தின் முதல் நாளுக்குக் கீழிறக்குவது. அப்போது 1 ஜனவரி 2023, 1 ஜனவரி 2024 என்று இரண்டு தனி விடைகள் கிடைக்கும். பருவ ஒப்பீடு வேண்டுமென்றால் முதல் வழி சரி. காலப்போக்கைக் காட்ட வேண்டுமென்றால் இரண்டாம் வழியே சரி.

டேப்லோ என்ற வரைபட மென்பொருளில் தேதிப் புலத்தின் மெனுவைத் திறந்தால் "மாதம்" என்ற தேர்வு இரண்டு முறை வருவதைக் காணலாம். மேலே இருப்பதன் அருகில் எடுத்துக்காட்டாக மாதத்தின் பெயர் மட்டும் இருக்கும். கீழே இருப்பதன் அருகில் மாதத்தோடு ஆண்டும் இருக்கும். மேலுள்ளது பிரித்தெடுக்கிறது, கீழுள்ளது கீழிறக்குகிறது. அதே வகை மென்பொருளான பவர் பிஐயில் இதே வேறுபாடு இன்னும் மறைவாக இருக்கிறது. தேதியை அச்சில் போட்டதும் அது ஆண்டு, காலாண்டு, மாதம், நாள் என்ற படிநிலையாக மாறுகிறது. படிநிலையில் கீழே இறங்க இரண்டு பொத்தான்கள் உள்ளன: அடுத்த நிலைக்குத் தாவுவது ஆண்டைக் கைவிட்டு எல்லா ஆண்டுகளின் காலாண்டுகளையும் ஒன்றாகக் கூட்டிவிடும், ஒரு நிலை விரிப்பது ஆண்டையும் காலாண்டையும் சேர்த்தே வைத்திருக்கும். மூன்று ஆண்டுத் தரவுக்கு நான்கே பட்டைகள் தெரிந்தால் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்று ஊகித்துவிடலாம்.

வாரக் கணக்கு இன்னும் நுட்பமானது. தேதிகளை எழுதுவதற்கான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி வாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது. ஆண்டின் முதல் வியாழக்கிழமையைக் கொண்ட வாரமே அவ்வாண்டின் முதல் வாரம். எனவே 30 டிசம்பர் 2024, நாட்காட்டியின்படி 2024இல் இருந்தாலும், வாரக் கணக்கின்படி 2025இன் முதல் வாரத்தைச் சேர்ந்தது. வார எண்ணை ஒரு சூத்திரத்தாலும் ஆண்டை இன்னொரு சூத்திரத்தாலும் எடுத்து ஒட்டினால் அந்த நாளின் புகார்கள் "2024, வாரம் 1" என்ற பெயரோடு ஆண்டின் தொடக்கத்துப் பட்டையில் போய்ச் சேரும். வார எண்ணையே தவிர்த்துவிட்டு, ஒவ்வொரு வாரத்தையும் அதன் திங்கட்கிழமைத் தேதியால் குறிப்பிடுவது பாதுகாப்பானது என்பது என் கருத்து. வாசகருக்கும் "வாரம் 37" என்பதைவிட ஒரு தேதி எளிதில் பிடிபடும்.

நேர மண்டலத்தையும் இந்தக் கட்டத்திலேயே தீர்த்துவிட வேண்டும். சர்வர்கள் பல நேரத்தை யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கின்றன. யுடிசியைவிட 8 மணி நேரம் முந்தியிருக்கும் ஓரிடத்தில் பிப்ரவரி 1ஆம் தேதி அதிகாலை 3 மணிக்கு வந்த புகார், யுடிசிக் கணக்கில் ஜனவரி 31 மாலை 7 மணிக்கு வந்ததாகப் பதிவாகும். மாதமாகக் கீழிறக்கிய பிறகு நேரத்தை மாற்ற முயன்றால் பயனில்லை. உள்ளூர் நேரத்துக்கு மாற்றிய பிறகே கீழிறக்க வேண்டும்.

கட்டத்தில் தெரிவதும் உள்ளே இருப்பதும்

கணினிக்குத் தேதி என்பது ஓர் எண். எக்செல் 1 ஜனவரி 1900ஐ 1 என்று கொண்டு நாட்களை எண்ணுகிறது. அதன் கணக்கில் 1 ஜனவரி 2024 என்பது 45292. கட்டத்தில் நாம் பார்க்கும் நாள், மாதம், ஆண்டு எல்லாம் அந்த எண்ணுக்குப் போட்ட உடை மட்டுமே. 1900 நெட்டாண்டு அல்ல. ஆனாலும் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக எக்செல் 29 பிப்ரவரி 1900 என்ற இல்லாத நாளுக்கும் 60 என்ற எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறது. பழைய மேக் கோப்புகள் சிலவற்றில் எண்ணிக்கை 1904இலிருந்து தொடங்கும். அவற்றிலிருந்து வெறும் எண்ணாக எடுத்து ஒட்டினால் எல்லாத் தேதிகளும் 1462 நாட்கள், அதாவது நான்கு ஆண்டுகளும் ஒரு நாளும், விலகி நிற்கும். யூனிக்ஸ் என்ற இயக்க முறைமையின் மரபு 1 ஜனவரி 1970 யுடிசியிலிருந்து நொடிகளை எண்ணுகிறது; இணையப் பக்கங்களில் இயங்கும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அதே தொடக்கத்திலிருந்து மில்லிநொடிகளை எண்ணுகிறது.

இந்தத் தொடக்கப் புள்ளிகளை நினைவில் வைத்திருந்தால் அச்சில் தோன்றும் விசித்திர ஆண்டுகளே நோயைச் சொல்லிவிடும். 1 ஜனவரி 2024ஐக் குறிக்கும் 1704067200 என்ற நொடிக் கணக்கை மில்லிநொடி என்று தவறாக வாசித்தால் 20 ஜனவரி 1970 என்ற தேதி கிடைக்கும். வரைபடத்தின் எல்லாப் பட்டைகளும் 1970 ஜனவரியில் நெருக்கியடித்து நின்றால், ஆயிரத்தால் பெருக்க மறந்திருக்கிறோம் என்று பொருள். 1900ஆம் ஆண்டு தென்பட்டால், எக்செல் ஏதோ ஒரு சிறிய எண்ணையோ காலிக் கட்டத்தையோ தேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

எண்ணாக மாறாமல் வெறும் எழுத்தாகவே தங்கிவிட்ட தேதி இன்னொரு வகை. எழுத்தை மென்பொருள் அகரவரிசையில்தான் அடுக்கும். ஆங்கில மாதப் பெயர்கள் என்றால் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர், பிப்ரவரி என்ற வரிசை வரும். தமிழில் எழுதியிருந்தால் அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று தொடங்கும். மாத எண்களை எழுத்தாகச் சேமித்திருந்தால் 1, 10, 11, 12, 2 என்று வரும். விரிதாளில் இதைக் கண்டறிவது எளிது. கைப்பட மாற்றாதவரை, எழுத்து கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருக்கும், தேதி வலப்பக்கம் ஒட்டியிருக்கும். கட்டத்தின் வடிவத்தைப் "பொது" என்று மாற்றிப் பார்த்தால் உண்மையான தேதி 45292 போன்ற எண்ணாக மாறும். எழுத்து அப்படியே நிற்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது, பாதி எழுத்தாகவும் பாதி தவறான தேதியாகவும் உள்ள நெடுவரிசை. நாள்/மாதம்/ஆண்டு என்ற முறையில் எழுதப்பட்ட ஏப்ரல் மாதக் கோப்பை, மாதம்/நாள்/ஆண்டு என்ற அமைப்புள்ள கணினியில் திறப்பதாகக் கொள்வோம். 01/04/2024 என்பதை அது 4 ஜனவரி என்று வாசிக்கிறது. 02/04/2024 என்பதை 4 பிப்ரவரி என்று வாசிக்கிறது. இப்படியே 12/04/2024 வரை வந்து அதை 4 டிசம்பர் ஆக்குகிறது. 13/04/2024 என்பதற்கு வந்ததும் பதின்மூன்றாவது மாதம் இல்லையென்பதால் அதை எழுத்தாகவே விட்டுவிடுகிறது. வரைபடத்தில் ஓர் ஏப்ரல் மாதம் பன்னிரண்டு மாதங்களாகச் சிதறி, மீதி நாட்கள் தொலைந்துபோயிருக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. தேதிகள் எல்லாம் 4ஆம் தேதியாகவே இருப்பதுதான் ஒரே தடயம். கோப்பைத் திறந்த பிறகு இதைச் சரிசெய்ய முயல்வதைவிட, இறக்குமதி செய்யும்போதே அந்த நெடுவரிசை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் உள்ளது என்று மென்பொருளுக்குச் சொல்லிவிடுவது மேல். தரவை அனுப்புபவர் நம் கட்டுப்பாட்டில் இருந்தால் 2024-04-13 என்ற ஐஎஸ்ஓ 8601 வடிவத்தையே கேட்டுப் பெறலாம். 1988இல் வெளியான அந்தத் தரநிலையின் பெரிய வசதி, தேதி எழுத்தாகவே தங்கிவிட்டாலும் அகரவரிசையும் காலவரிசையும் ஒன்றாக இருக்கும் என்பது.

அந்த வடிவத்திலும் ஒரு சிறு கண்ணி உண்டு. நேரம் இல்லாமல் 2024-03-01 என்று மட்டும் எழுதியதை ஜாவாஸ்கிரிப்ட் யுடிசி நள்ளிரவு என்று எடுத்துக்கொள்கிறது. யுடிசிக்குப் பின்தங்கிய நேர மண்டலத்தில் உள்ளவர் திரையில் அது 29 பிப்ரவரி என்று தெரியும். மார்ச் மாதப் பட்டையின் கீழே பிப்ரவரி என்ற பெயர் வந்துவிடும். உருவாக்கியவரின் கணினியில் சரியாகவும் பார்ப்பவரின் கணினியில் தவறாகவும் தெரியும் வரைபடங்களுக்கு இது அடிக்கடி காரணமாகிறது.

ஒன்றன்மேல் ஒன்று சரியாக அமர்வது

இதுவரை சொன்னவை எந்தப் பட்டை வரைபடத்துக்கும் பொருந்தும். அடுக்குவதற்கென்று தனியான ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒரே பட்டையில் சேர வேண்டிய எல்லாத் தொடர்களுக்கும் (நம் தரவில் மூன்று வழிகளுக்கும்) தேதி மதிப்பு இம்மியும் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

தொலைபேசிப் புகார்களின் தினசரித் தொகை காலை 9 மணி முத்திரையோடும், செயலிப் புகார்களின் தொகை நள்ளிரவு முத்திரையோடும் சேமிக்கப்பட்டிருந்தால், கண்ணுக்கு இரண்டும் 5 ஜனவரிதான். கால அச்சைப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அவை ஒன்பது மணி நேர இடைவெளியில் உள்ள இரண்டு வேறு இடங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இரண்டும் தரையிலிருந்தே எழுந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பிளாட்லி என்ற வரைபட நிரல் நூலகத்தில் இதற்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு. பட்டையின் அகலத்தை நாம் தராதபோது, அருகருகே உள்ள இரண்டு தேதிகளுக்கு இடையிலான மிகக் குறைந்த இடைவெளியை வைத்து அது அகலத்தை முடிவு செய்கிறது. மாதவாரித் தரவில் எங்கோ ஒரே ஒரு வரிசை ஒரு மணி நேரம் விலகியிருந்தாலும் போதும்; வரைபடத்தின் எல்லாப் பட்டைகளும் மயிரிழையாகிவிடும்.

நிரல் எழுதி வரைபவர்களுக்கு இதைவிட ஆபத்தான ஒன்று காத்திருக்கிறது. பைத்தான் நிரல் மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் அடுக்குப் பட்டை வரைய, ஒவ்வொரு தொடரும் எந்த உயரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதை நாமே கூட்டிக் கொடுக்க வேண்டும். தொலைபேசிக் கணக்கில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் இருக்கிறது. பிப்ரவரியில்தான் செயலி அறிமுகமானதால் அதன் கணக்கில் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் மூன்று எண்கள். மாதத்தைப் பார்க்காமல் வரிசை எண்ணின்படி அடுக்கினால் செயலியின் பிப்ரவரி, தொலைபேசியின் ஜனவரி மேல் ஏறி அமரும். எண்ணிக்கை ஒத்துப்போவதால் மென்பொருள் எதிர்ப்புத் தெரிவிக்காது. ஒட்டுமொத்தக் கூட்டுத்தொகையும் சரியாகவே இருக்கும் என்பதால் அந்தச் சோதனையிலும் பிழை பிடிபடாது. ஏதாவது ஒரு நடு மாதத்தை எடுத்து, அதன் மொத்தத்தை மூலத் தரவில் தனியே எண்ணிப் பட்டையின் உயரத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியவரும்.

தீர்வு, வரைவதற்கு முன்பே முழு அட்டவணையைக் கட்டிவிடுவது. முதல் மாதத்திலிருந்து கடைசி மாதம் வரை இடைவெளியில்லாத ஒரு பட்டியலை உருவாக்கி, ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று வழிகளுக்கும் ஒவ்வோர் இடம் ஒதுக்கி, புகார் எதுவும் இல்லாத இடத்தில் 0 போட வேண்டும். விரிதாளில் தரவை வகைவாரியாகத் தொகுக்கும் சுழல் அட்டவணையும், பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸில் அதற்கு இணையான கட்டளையும் இந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடும். ஆனால் எந்த வழியிலும் ஒரு புகார்கூட வராத மாதம் தரவிலேயே இல்லையென்பதால் சுழல் அட்டவணைக்கும் அது தெரியாது. அத்தகைய மாதங்களை நாமே சேர்க்க வேண்டும். டேப்லோவில் விடுபட்ட மதிப்புகளைக் காட்டும் தேர்வும், பவர் பிஐயில் தரவில்லாத உருப்படிகளைக் காட்டும் தேர்வும் இதற்காகவே உள்ளன. புகாரே வராத மாதத்துக்கு 0 சரி. பதிவேடே எழுதப்படாத மாதத்துக்கு 0 போடுவது பொய். பின்னதை வெற்றிடமாக விட்டு அருகில் ஒரு குறிப்பு எழுதுவதே நேர்மையானது.

பெயர் அச்சா, கால அச்சா?

பெயர் அச்சில் ஒவ்வொரு பட்டைக்கும் ஒரே அளவு இடம் கிடைக்கும். இடையில் ஒரு மாதம் தரவில் இல்லாவிட்டால் அதன் இடம் சத்தமின்றி மூடப்பட்டு, ஜனவரியும் மார்ச்சும் அடுத்தடுத்து நிற்கும். கால அச்சில் ஒவ்வொரு பட்டையும் அதன் தேதிக்குரிய இடத்தில் நிற்கும். விடுபட்ட மாதத்தின் இடம் காலியாகத் தெரியும். எக்செலில் அச்சின் அமைப்புகளைத் திறந்தால் தரவைப் பார்த்துத் தானாக முடிவு செய்வது, உரை அச்சு, தேதி அச்சு என்று மூன்று தேர்வுகள் இருக்கும். கூகுள் சார்ட்ஸ் என்ற இணைய வரைபடக் கருவியில் தனியே தேர்வு செய்யத் தேவையில்லாமல், முதல் நெடுவரிசை தேதி வகையாக இருந்தால் கால அச்சும், எழுத்தாக இருந்தால் பெயர் அச்சும் கிடைக்கும்.

கால அச்சுதான் உயர்ந்தது என்று தோன்றலாம். பட்டைகளைப் பொறுத்தவரை அது எப்போதும் உண்மையல்ல. மேட்பிளாட்லிப்பில் பட்டையின் இயல்பான அகலம் 0.8 அலகு, தேதி அச்சில் ஓர் அலகு என்பது ஒரு நாள். மாதத்துக்கு ஒரு பட்டை வரையும்போது முப்பது நாள் இடத்தில் ஒரு நாளுக்கும் குறைவான அகலத்தில் பட்டை நிற்கும். முன்பு சொன்ன மெல்லிய கோடுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அகலத்தை 25 நாட்கள் என்று கொடுத்தால் சரியாகும். 28க்கு மேல் கொடுத்தால் நெட்டாண்டு அல்லாத ஆண்டுகளில் பிப்ரவரிப் பட்டை மார்ச் மீது ஏறிவிடும். பிளாட்லியில் அகலத்தை மில்லிநொடியில் கொடுக்க வேண்டும் என்பதைத் தெரியாமல் 25 என்று எழுதினால் பட்டையே கண்ணுக்குத் தெரியாது. எக்செலின் தேதி அச்சில் அடிப்படை அலகு நாள் என்று இருந்தால் இதே மெலிவு ஏற்படும். அதை மாதம் என்று மாற்றினால் பட்டைகள் அகன்றுவிடும்.

அடுத்து, பட்டை எங்கே நிற்கிறது என்ற கேள்வி. பொதுவாகப் பட்டையின் நடுப்பகுதி அதன் தேதியின்மேல் அமரும். ஜனவரி முழுவதையும் 1 ஜனவரி என்று குறித்திருந்தால் பட்டையின் இடப்பாதி டிசம்பருக்குள் நீண்டிருக்கும். பாண்டாஸில் மாதவாரியாகத் தொகுக்கும்போது மாத இறுதி என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் ஜனவரிக் கணக்குக்கு 31 ஜனவரி என்ற தேதி கிடைக்கும். அதன் வலப்பாதி பிப்ரவரிக்குள் போய்விடும். அச்சின் குறிகள் மாதத் தொடக்கத்தில் இருப்பதால், அந்தப் பட்டையைப் பார்ப்பவர் "பிப்ரவரி" என்றே வாசிப்பார். மேட்பிளாட்லிப்பில் பட்டையின் இட விளிம்பைத் தேதியில் பொருத்தும் தேர்வு உள்ளது; பிளாட்லியில் ஒரு மாதம் என்று கால அளவைச் சொல்லிவிட்டால் பட்டையை அந்த மாதத்தின் நடுவில் அதுவே நிறுத்திக்கொள்ளும்.

மாதம், காலாண்டு, ஆண்டு என்று தொகுத்து இருபது முப்பது பட்டைகள் வரை வரையும்போது, இடைவெளி நிரப்பப்பட்டு காலவரிசையில் அடுக்கிய தரவைப் பெயர் அச்சில் வைப்பதே எனக்குப் பிடித்த வழி. மாதங்களின் நீளம் 28க்கும் 31க்கும் இடையே மாறுவது அங்கே தொல்லை தராது. லேபிள் ஒவ்வொன்றும் பட்டைக்கு நேர் கீழே அமரும். நாள்வாரியாகப் பல மாதத் தரவு இருக்கும்போதும், சேகரித்த நாட்களுக்கு இடையே சீரற்ற இடைவெளி இருந்து அந்த இடைவெளியே செய்தியாக இருக்கும்போதும் கால அச்சை நாட வேண்டும். இந்த இரண்டையும் பாதிப்பாதி கலப்பதுதான் கூடாது. பாண்டாஸின் அடுக்குப் பட்டைக் கட்டளை தேதிகளைப் பெயர்களாக மாற்றி, பட்டைகளை 0, 1, 2 என்ற இடங்களில் நிறுத்துகிறது. லேபிளின் வாலில் 00:00:00 வருவது அதனால்தான். அதைச் சரிசெய்ய மேட்பிளாட்லிப்பின் தேதி வடிவமைப்பியை மேலே பொருத்தினால், அது 0, 1, 2 என்பவற்றை நாட்களாக எண்ணி 1970 ஜனவரி 1, 2, 3 என்று எழுதும். அச்சு பெயர் அச்சாக இருந்தால், வரைவதற்கு முன்பே தேதியை விரும்பிய வடிவில் எழுத்தாக மாற்றிவிடுவதுதான் முறை. வரிசைப்படுத்தும் வேலை அதற்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பவர் பிஐயில் மாதப் பெயர் நெடுவரிசையை மாத எண் நெடுவரிசையால் வரிசைப்படுத்தும்படி அமைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

கடைசியாக லேபிள்

இவ்வளவும் சரியாக இருந்தால் லேபிளில் மீதமிருக்கும் வேலை சிறியது. பட்டை ஒரு மாதத்தைக் குறித்தால் லேபிளில் நாள் எண் வரக்கூடாது. "01-01-2024" என்று எழுதினால் அது ஒரு நாளின் கணக்கு என்று வாசகர் நினைப்பார். ஆண்டை ஒவ்வொரு பட்டையின் கீழும் திரும்பத் திரும்ப எழுதாமல், ஆண்டு மாறும் இடத்தில் மட்டும் எழுதினால் போதும். பைத்தான், ஆர் ஆகிய நிரல் மொழிகள், டி3 என்ற வரைபட நூலகம் ஆகியவற்றின் வடிவக் குறியீடுகளில் சிறிய எம் மாதத்தையும் பெரிய எம் நிமிடத்தையும் குறிக்கும். எல்லா லேபிளிலும் மாதம் இருக்க வேண்டிய இடத்தில் 00 என்று வந்தால், மாறி எழுதியிருக்கிறோம்.

இடம் போதாமல் லேபிள்கள் ஒன்றோடொன்று மோதினால் சாய்த்து எழுதுவதற்கு முன், ஒன்று விட்டு ஒன்றைக் காட்ட முடியுமா என்று பார்க்கலாம். பட்டைகளைக் கிடையாகத் திருப்புவது நீண்ட பெயர்களுக்கு நல்ல தீர்வு. காலத்துக்கு அவ்வளவு பொருந்தாது, ஏனெனில் காலம் இடமிருந்து வலமாகச் செல்வதாகப் பார்க்க நாம் பழகிவிட்டோம். திருப்பியே ஆக வேண்டுமென்றால், எக்செல் முதல் மாதத்தைக் கீழேயும் கடைசி மாதத்தை மேலேயும் வைக்கும் என்பதை அறிந்து, அச்சின் வரிசையைத் தலைகீழாக்கும் தேர்வைக் குறியிட வேண்டும்.

நடப்பு மாதம் இன்னும் முடியாதபோது அதன் பட்டை குட்டையாக இருக்கும். பார்ப்பவர் புகார்கள் குறைந்துவிட்டதாகவே எண்ணுவார். அந்தப் பட்டையை நீக்கலாம். வைத்தால் வெளிர் நிறத்தில் காட்டி, எந்தத் தேதி வரையிலான கணக்கு என்பதை லேபிளிலேயே எழுதிவிட வேண்டும்.

தேதியே பட்டையின் நீளமாகும்போது

பணித்திட்ட அட்டவணையை வரைபவர்கள் அடுக்குப் பட்டையை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே தேதி, பட்டையின் நீளத்தை அளக்கும் மதிப்பு அச்சில் இருக்கிறது. ஒவ்வொரு பணியும் ஒரு கிடைப்பட்டை. தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் இரண்டு தொடர்களாகக் கொடுத்துவிட்டு, பட்டை ஏன் எங்கோ ஓடுகிறது என்று திகைப்பவர்கள் பலர். அடுக்குவது என்றால் கூட்டுவது. 1 ஜனவரி 2024க்குரிய 45292உடன் 9 ஜனவரி 2024க்குரிய 45300ஐக் கூட்டினால் 90592 வரும்; எக்செல் அதை 11 ஜனவரி 2148 என்று காட்டும். முதல் தொடர் தொடக்கத் தேதியாகவும், இரண்டாவது தொடர் பணிக்கு ஆகும் நாட்களின் எண்ணிக்கையாகவும் இருக்க வேண்டும். முடிவுத் தேதியிலிருந்து தொடக்கத் தேதியைக் கழித்தால் 8 கிடைக்கும். கடைசி நாளும் வேலை நாள் என்றால் ஒன்றைக் கூட்டி 9 என்று கொள்ள வேண்டும். பின்பு முதல் தொடரின் நிறத்தை நீக்கிவிட்டால் பணிப்பட்டைகள் மட்டும் உரிய தேதியில் மிதப்பதாகத் தோன்றும். அச்சு 1900இலிருந்து தொடங்கி பட்டைகள் எல்லாம் வலது ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்தால், அச்சின் குறைந்தபட்ச மதிப்பாக 45292 என்ற எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த குறிகளுக்கான இடைவெளியை 7 என்று வைத்தால், 1 ஜனவரி 2024 ஒரு திங்கட்கிழமை என்பதால், ஒவ்வொரு குறியும் ஒரு திங்கட்கிழமையில் விழும்.